ரப்பர் மரம் பார்க்கவா மலேசியா வந்தேன்?

அக்டோபர் 5, 2025, இரவு 10.12 (கேள்வி)

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். ஒரு செமஸ்டர் படிக்கக் கோலாலம்பூர் வந்திருக்கிறேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த செமஸ்டரில் மூன்று பண்பாட்டுச் சுற்றுலா வைத்திருக்கிறார்கள். முதலாவது மலாக்கா, போய் வந்தாச்சு, நன்றாக இருந்தது. இரண்டாவது நவம்பர் 8, சனிக்கிழமை, பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்ற தோட்டத்து ஊர். ரப்பர் மரம், பழைய தொழிலாளர் வீடுகள், மாரியம்மன் கோயில், வாழையிலைச் சாப்பாடு என்று தாளில் போட்டிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ரப்பர் நிற்கிறது. மாமா தினமும் பட்டையைச் சீவிப் பால் வெட்டுகிறார். அம்மன் கோயில் இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை. வாழையிலையும் புதுசு இல்லை. ஜெர்மனியிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்தவர்களுக்கு இதெல்லாம் அதிசயமாக இருக்கும், எனக்கு என்ன இருக்கிறது? அன்றைக்கு லங்காவித் தீவுக்குப் போகலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். தமிழன் தமிழனைப் பார்க்கப் போவது எப்படிப் பண்பாட்டுச் சுற்றுலா ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 6, காலை 6.50

நான் சுங்கை சிப்புட்காரி. பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இப்போது இருப்பது டவுனில். கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன், சரியாகத் தூக்கம் வரவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. இதே கேள்வியை 2011-ல் நானும் கேட்டேன், இங்கிலாந்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு. வேலைக்கு நேரமாகிறது, இரவு வந்து எழுதுகிறேன். அதுவரை உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அக்டோபர் 6, இரவு 9.35

2011-ல் ஒரு செமஸ்டர் லீட்ஸில் படித்தேன். ஊரிலிருந்து அப்படிப் போன முதல் ஆள் நான்தான் என்று அம்மா கோயிலில் அர்ச்சனை எல்லாம் வைத்தார். அங்கேயும் மூன்று சுற்றுலா. முதலில் யார்க். பெரிய தேவாலயம், ரயில் அருங்காட்சியகம், ஒரே குளிர். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

இரண்டாவது சால்டேர். லீட்ஸிலிருந்து ரயிலில் பக்கம்தான். பழைய கம்பளி ஆலை, அதைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள் என்று தாளில் போட்டிருந்தது. ஆலையும் தொழிலாளர் வீடும் பார்க்கவா இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தேன் என்று கூடப் படித்த பெண்ணிடம் சொன்னேன். லண்டன் போக வேண்டும், அரண்மனை பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. பணம் முன்பே கட்டியாகிவிட்டது, திரும்பக் கிடைக்காது. அதனால் போனேன்.

ரயிலை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. கல் வீடுகள், ஒட்டி ஒட்டி, ஒரே கூரை போல வரிசை. வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு படி. பின்பக்கம் குறுகலான சந்து. கல்லை எடுத்துவிட்டுப் பலகையை வைத்து, மேலே தகரத்தைப் போட்டால் எங்கள் லயம். ஒவ்வொரு வரிசையின் கோடியிலும் ஒரு வீடு மட்டும் கொஞ்சம் பெரியது, உயரம் அதிகம். அது யாருக்கு என்று வழிகாட்டியிடம் கேட்டேன். மேஸ்திரிகளுக்கு என்றார். எங்கள் தோட்டத்திலும் மேஸ்திரியான தண்டல் வீடு கோடியில்தான், கணக்கெழுதும் கிராணி வீடு அதற்கும் அப்பால் மேட்டில். தொரை பங்களா எங்கே இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

சால்டேரைக் கட்டியவர் டைட்டஸ் சால்ட் என்ற முதலாளி. ஆலை 1853-ல் திறந்தது. பள்ளிக்கூடம், தேவாலயம், குளிக்கும் இடம், வயதானவர்களுக்குத் தங்கும் வீடு எல்லாம் அவரே கட்டினார். தெருக்களுக்குத் தன் மனைவி பெயரையும் பிள்ளைகள் பெயர்களையும் வைத்தார். ஊருக்குள் மதுக்கடைக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. வழிகாட்டி இதைப் பெருமையாகச் சொன்னபோது எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை நினைவுக்கு வந்தது. இங்கே நிர்வாகமே கள்ளுக்கடைக்கு இடம் ஒதுக்கியது. சம்பள நாள் சாயங்காலம் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று எங்கள் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரே மாதிரி வரிசை வீடு, ஒரே மாதிரி கோடி வீடு, ஆனால் அங்கே தொழிலாளி நிதானமாக இருந்தால் லாபம் என்று ஒருவர் நினைத்திருக்கிறார், இங்கே மயங்கிக் கிடந்தால் லாபம் என்று நினைத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசம் எனக்குச் சொந்த ஊரில் இருபது வருடம் இருந்தும் தெரியவில்லை. சால்டேரில் அரை நாளில் தெரிந்தது.

வழிகாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அம்மா தறியில் வேலை செய்தவர். இரைச்சலில் காது கேட்காது, உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். வீட்டிலும் அம்மா அப்படியே வாயை அகலமாகத் திறந்து சத்தமே இல்லாமல் பேசுவார் என்று செய்து காட்டினார். நான் என் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன், விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போவதை. கூட வந்தவர்கள் கடைக்குக் காப்பி குடிக்கப் போனார்கள். நாங்கள் இருவரும் கால்வாய் ஓரம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மரம் வெட்டுவார்?” சரியான கேள்வி. மரத்தைப் பற்றித் தெரியாது, ஆனால் வேலையை எண்ணிக்கையில் அளப்பார்கள் என்று தெரிந்தவர்.

நீங்களும் அப்படிப்பட்ட கேள்வி கேட்கக்கூடியவர். மற்றவர்கள் மரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நீங்கள் வெட்டைப் பார்த்தாலே வெட்டினவர் கை எப்படி என்று சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் வரச் சொல்கிறேன்.

அக்டோபர் 6, இரவு 11.05

மூன்றாவது சுற்றுலாவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். லண்டன்தான். அரண்மனையை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், பத்து நிமிடம். அப்புறம் கியூ தாவரவியல் தோட்டம். கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது, அவ்வளவு புழுக்கம், நம் ஊர்ப் புழுக்கம். உள்ளே ஒரு ரப்பர் மரம். பெயர்ப் பலகை மாட்டி, யாரும் வெட்டாமல், பட்டை வழவழவென்று இருந்தது. வெட்டாத ரப்பர் மரத்தை நான் அதுவரை அவ்வளவு நெருக்கத்தில் பார்த்ததில்லை. கையை வைத்துப் பார்த்தேன்.

1876-ல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் எழுபதாயிரம் விதைகளை அங்கேதான் கொண்டு வந்து சேர்த்தார். முளைத்தது நூற்றுக்கு நாலுகூட இல்லை. அடுத்த வருடம் 22 கன்று சிங்கப்பூருக்கு வந்தது. அதில் 9 கன்றை ரிட்லி கோலகங்சாரில் நட்டார். அந்த ஒன்பதில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட இல்லை. நான் அதைப் போய்ப் பார்த்தது லண்டனிலிருந்து திரும்பிய பிறகுதான். நாலு தலைமுறை அந்த மரத்தின் வம்சத்தை வெட்டிச் சாப்பிட்ட குடும்பம், ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. யாரும் கூட்டிப் போகவில்லை.

அக்டோபர் 7, பகல் 1.20

ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொன்னதுதான் சரி. கோலகங்சாரில் நட்டது ரிட்லி இல்லை, அப்போது பேராவில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ. ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்ததே 1888-ல். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கொண்டு வந்தவர் அவர். தோட்டத்துக்காரி நான், இந்த இரண்டு பேரையும் மாற்றிச் சொல்லக் கூடாது. அவர் கண்டுபிடித்த வெட்டைத்தான் பெரியம்மா முப்பத்தைந்து வருடம் வெட்டினார்.

அக்டோபர் 9, இரவு 8.15

“சரி, எத்தனை மரம்?” என்று தம்பி கேட்டிருக்கிறார். (நீங்கள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்தானே, இனி தம்பி என்றே சொல்கிறேன்.)

பெரியம்மாவிடம் கேட்டேன். நல்ல நாளில் ஐந்நூறுக்கு மேல் என்றார். நிரையையும் (ஒருவர் பங்குக்கு வரும் மர வரிசை) மேடு பள்ளத்தையும் பொறுத்தது. ஒரு மரத்துக்குச் சில நொடிதான். போன வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை, அதாவது ஒட்டுப்பாலை, உரித்துப் பைக்குள் போட வேண்டும். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்துச் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும். அப்புறம் கத்தியை இழுக்க வேண்டும். சீவல் ஒரு ரூபாய்க் காசு கனம்கூட இருக்கக் கூடாது. ஆழம் போனால் கட்டை காயப்படும், அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றில் வெட்ட முடியாது. காயம் போட்டால் தண்டல் வாயில் விழ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் இறங்காது, கிராணி எடை போடும்போது தெரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், இருட்டில், தலை விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியோடு.

தம்பி, உங்கள் பக்கம் மங்கு என்று சொல்வீர்களா? இங்கே பீங்கான் கிண்ணத்துக்கு அதுதான் பேர். காண்டா என்றால் இரண்டு பக்கமும் வாளி தொங்கும் கட்டை, அதைத் தோளில் வைத்துச் சுமப்பார்கள். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது. தூரத்தை இங்கே பெரியவர்கள் கட்டை என்றுதான் சொல்வார்கள், ஒரு கட்டை ஒரு மைல். பணம் வெள்ளி. வீட்டுக்கு வந்தால் முதல் கேள்வி “பசியாறியாச்சா?”

அக்டோபர் 10, காலை 7.05

சிரட்டையா! தேங்காய்ச் சிரட்டையிலா பால் பிடிக்கிறீர்கள்? பெரியம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கீழ விழுந்தா ஒடையாது, நல்லதுதான்” என்றார். மங்கு உடைந்ததற்குத் திட்டு வாங்கிய நாள் நினைவு வந்திருக்கும்.

அக்டோபர் 12, இரவு 10.40

இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். தம்பி கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை நான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் சுற்றுலாவை நடத்தும் விதம் சரியில்லாமல் போனால் அவர் சொன்னதுபோலத்தான் ஆகும், யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. நடந்ததைச் சொல்கிறேன்.

2018-ல் ஒரு கல்லூரி இப்படி ஒரு கூட்டத்தை அழைத்து வந்தது. எந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னாலேயே ஒருவர் வந்து பெரியம்மா வீட்டைப் பார்த்துவிட்டு, பால் வெட்டுவதைக் காட்ட முடியுமா என்று கேட்டார். பெரியம்மாவுக்கு ஏக மகிழ்ச்சி. கத்தியை எடுத்துத் தீட்டினார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியிருந்தது, விரல் மடங்காது, ஆனாலும் தீட்டினார். முதல் நாள் சாயங்காலம் மாமா தோட்டத்துக்குப் போய் எந்த மரம் நல்ல மரம் என்று பார்த்து வைத்தார்.

பேருந்து பதினொரு மணிக்கு வந்தது. வெயில் ஏறிய பிறகு பால் ஓட்டம் குறைந்துவிடும், விடியற்காலையில்தான் மரம் நன்றாகப் பால் விடும். பெரியம்மா அதைச் சொன்னார். பரவாயில்லை, படத்துக்கு மட்டும் நில்லுங்கள் என்றார்கள். முக்காடு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், பழைய காலம் மாதிரி இருக்குமாம். காண்டாவைத் தோளில் வைக்கச் சொன்னார்கள். மூன்று தடவை நடந்து காட்டச் சொன்னார்கள். நாற்பது நிமிடத்தில் பேருந்து கிளம்பிவிட்டது. ஒருவர்கூட மரம் எப்படி வெட்டுவது என்று கேட்கவில்லை. தீட்டின கத்தி துணியில் சுற்றினபடியே இருந்தது.

இரவு சாப்பிடும்போது பெரியம்மா ஒன்றுதான் சொன்னார். “வெறும் வாளியத் தூக்கிட்டு நின்னேன் பாத்தியா.”

அவர் காண்டாவில் வெறும் வாளி சுமந்ததே இல்லை. காலையில் போகும்போதுகூட ஒன்றில் தண்ணீர்ப் போத்தலும் சோறும், ஒன்றில் துணியும் கத்தியும் இருக்கும். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பேருந்து வருகிறது என்று தெரிந்ததும் நேரத்தை மாற்றச் சொல்லியிருக்க வேண்டியது நான். படித்தவள், வெளிநாட்டில் போய்ப் பார்த்து வந்தவள். சால்டேரில் எனக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரப் பெஞ்சை இங்கே வந்த பிள்ளைகளுக்கு நான் ஏற்பாடு செய்யவில்லை. அதற்குப் பிறகு யார் கூட்டம் கூட்டி வந்தாலும் நான்தான் முன்னால் போய்ப் பேசுகிறேன். இரண்டு நிபந்தனை வைக்கிறேன். காலையில் வர வேண்டும். படம் எடுக்கும் முன் ஆளோடு பேச வேண்டும்.

அக்டோபர் 13, காலை 6.30

நேற்று எழுதியது கனமாகிவிட்டது. பெரியம்மா இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், வயது 73. சிரட்டைக்காரப் பையன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அக்டோபர் 19, இரவு 11.50

நாளை தீபாவளி. முறுக்கு சுட்டு முடித்து இப்போதுதான் உட்கார்ந்தேன். விடுதியில் தனியாக இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் நன்றாகக் கொண்டாடுங்கள். இங்கே திறந்த இல்லம் என்று ஒரு வழக்கம் உண்டு, யார் வீட்டுக்கும் போகலாம், மலாய்க்காரர் சீனர் எல்லாரும் வருவார்கள். கூச்சப்படாமல் போங்கள் தம்பி, சாப்பிட வைத்துத்தான் விடுவார்கள்.

அக்டோபர் 26, மாலை 5.10

“தமிழன் தமிழனைப் பார்ப்பது” என்று தம்பி எழுதினதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சுற்றுலாத் தாளில் அப்படித் தெரியும், ஊர் அப்படி இல்லை. டவுனில் பாதிக் கடை சீனருடையது. பெரியம்மா அரிசிக் கடைக்காரரோடு கேண்டனீஸில் பேரம் பேசுவார், கிளினிக்கில் மலாய், வீட்டில் தமிழ். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு நின்றவர். ஆற்றின் மேல்பக்கம் உள்ளே போகப் போகத் தெமியார் பூர்வகுடி மக்களின் கிராமங்கள். தோட்டங்களில் இன்று நிற்பது பெரும்பாலும் செம்பனை என்ற எண்ணெய்ப் பனை, அதில் வேலை செய்வது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நாங்கள் இருந்த லயத்தை இடித்தாகிவிட்டது. கோயில் மட்டும் நிற்கிறது, செம்பனைக்கு நடுவில். திருவிழாவுக்கு ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ போனவர்கள் காரில் வந்து சேருவார்கள். ஊர் இல்லாத கோயில் அது, வருடத்துக்கு மூன்று நாள் ஊர் வரும்.

சரித்திரமும் இங்கே கொஞ்சம் இல்லை. 1948 ஜூன் 16 அன்று இந்தப் பக்கத்து எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது, 1960 வரை இருந்தது. பாடப் புத்தகத்தில் அது ஒரு தேதி. எங்கள் வீட்டில் அது முள்வேலி. பெரியம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்தைச் சுற்றி வேலி, கதவில் சோதனை. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடும் என்று வேலைக்குப் போகிறவர்கள் கையில் சோறு கொண்டு போகக் கூடாது. பசியோடு வெட்டிவிட்டு வருவார்கள். “பசியாறியாச்சா” என்று இங்கே எல்லாரும் எல்லாரையும் கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பசிதான் ஞாபகம் வரும்.

மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்ததும் இந்த ஊர்தான். 1954-ல் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப் பள்ளியை இங்கே கொண்டு வந்தார், விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். தோட்டத் துண்டாடல் நடந்து, வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டினவர்களே தோட்டத்தை வாங்கினார்கள். என் தாத்தா பங்கு வாங்கின சீட்டு இன்னும் டின் பெட்டிக்குள் இருக்கிறது.

அக்டோபர் 26, மாலை 5.40

மேலே எழுதியதில் ஒன்று மாற்ற வேண்டும். கையில் சோறு கொண்டு போகக் கூடாது என்ற தடை எல்லாத் தோட்டத்திலும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் சொன்னதைச் சொன்னேன்.

நவம்பர் 2, இரவு 9.00

தம்பி வருகிறாராம்! வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில், ஒரு கொரியத் தோழியையும் கூட்டிக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் தங்கி, காலை ஐந்தரைக்கு மாமா தோட்டம். மற்றவர்கள் பேருந்தில் ஒன்பதுக்கு வருவார்கள்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்தால் பால் வெட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துத்தான் வரச் சொன்னேன். நவம்பர் மழை மாதம், அதை நான் யோசிக்கவில்லை. இந்த வாரம் நாலு நாள் ராத்திரி மழை. மரம் ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை. பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் பட்டை முழுக்கப் பரவிவிடும், மங்கில் மழைத் தண்ணீர் நிறைந்துவிடும். அப்படி நடந்தால் மனம் விட வேண்டாம், பெரியம்மாவோடு உட்கார்ந்து பேசலாம்.

நவம்பர் 6, காலை 6.45

கொண்டு வர வேண்டியது: முழுக்கை சட்டை, நனைந்தாலும் பரவாயில்லாத சப்பாத்து, கொசுத் தைலம். வேறு ஒன்றும் வாங்கி வராதீர்கள். கொரியப் பெண் காரம் சாப்பிடுவாரா?

லங்காவி எங்கேயும் போகாது. கோலக் கெடாவிலிருந்தும் கோலப் பெர்லிசிலிருந்தும் படகு இருக்கிறது, பரீட்சை முடிந்து போங்கள்.

நவம்பர் 8, இரவு 10.20

எல்லாரையும் வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

ராத்திரி மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஐந்து மணிக்கு நின்றது. பெரியம்மா கத்தியோடு தயாராக இருந்தார். தோட்டத்துக்குப் போய் முதல் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “இன்னைக்கு வெட்டு இல்ல” என்றார். எனக்கு 2018 கண்ணில் நின்றது. கத்தி மறுபடியும் துணிக்குள் போகப் போகிறது.

தம்பி டார்ச்சை மரத்தின் மேலேயும் கீழேயும் அடித்துப் பார்த்துவிட்டு, “பாட்டி, இங்க மரத்துக்குப் பாவாடை கட்ட மாட்டீங்களா?” என்றார்.

பெரியம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. தம்பி சொன்னார்: அவர்கள் ஊரில் மழைக்காலம் தொடங்கும் முன், மே மாதக் கடைசியில், வெட்டு இருக்கும் இடத்துக்கு மேலே மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைக் கட்டுவார்கள். மேல் விளிம்பைத் தாரால் ஒட்டிவிட்டால் தண்ணீர் பட்டை வழியாக இறங்காது, தாள் மேலே ஓடி வெளியே சொட்டிவிடும். உள்ளே வெட்டும் சிரட்டையும் காய்ந்தபடியே இருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே பாவாடையைத் தூக்கிவிட்டு வெட்டுவார்களாம்.

பெரியம்மா ஒரு நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், “மழைல வேலை இல்லன்னு எத்தன நாள் சம்பளம் போச்சு” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

“கட்டிக் காட்டு” என்றார் அடுத்து.

மாமா கொட்டகையிலிருந்து உரச் சாக்கின் உள்பையை வெட்டிக் கொண்டு வந்தார். தார் இல்லை, பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்தார்கள். தம்பி தாளை மரத்தைச் சுற்றிப் பிடித்து மடிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை, ஒரு பக்கம் தொங்கியது. பெரியம்மா வாங்கிக்கொண்டார். இடது கையால் தாளை மரத்தோடு அமுக்கிப் பிடித்து, வலது கை விரல்களால் கொசுவம் வைத்தார், புடவைக்கு வைப்பதுபோல, ஒவ்வொரு மடிப்பும் ஒரே அளவு. மடங்காத விரல் என்று எழுதினேனே, அந்த விரல்தான். கொரியப் பெண் டியூப் நாடாவை இழுத்துப் பிடிக்க, தம்பி முடிச்சுப் போட்டார். கீழே நன்றாக விரிந்து நின்றது. தம்பி போத்தல் தண்ணீரை மேலேயிருந்து ஊற்றினார். கொஞ்சம் உள்ளே கசிந்தது, மிச்சம் வெளியே விழுந்தது. “தார் வேணும்” என்றார் பெரியம்மா.

பேருந்து ஒன்பதே காலுக்கு வந்தபோது எங்கள் நாலு பேர் கையிலும் சேறு. பெரியம்மா அத்தனை பேருக்கும் வெட்டுப் பாடம் எடுத்தார், விழுந்து கிடந்த ஒரு காய்ந்த மரத்தில், ஒவ்வொருவர் கையையும் பிடித்து. ஒரு ஜெர்மன் பையன் ஆழமாக இழுத்துவிட்டான். “காயம்!” என்று தண்டல் குரலில் அதட்டினார், பையன் பயந்தே போனான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். படம் எடுத்தார்கள். வாளியில் ஒட்டுப்பால் இருந்தது, காலையில் தம்பியும் அந்தப் பெண்ணும் மரத்துக்கு மரம் போய் உரித்தது.

மதியம் கோயில், சாப்பாடு, சாயங்காலம் கோலகங்சார் மரம். அங்கே கம்பி வேலிக்குப் பக்கத்தில் பெரியம்மா நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். அவரும் இதுவரை பார்த்ததில்லை. அவரைக் கூட்டிப் போக வேண்டும் என்று 2011-லிருந்து நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நவம்பர் 10, இரவு 8.30

செலவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். சாப்பாட்டுக்கும் மாமா நேரத்துக்கும் பல்கலைக்கழகம் பணம் கொடுத்தது. பெரியம்மாவுக்குத் தனியாக, கற்றுக் கொடுத்ததற்கு என்று உறையில் எழுதி வாங்கிக் கொடுத்தேன். அப்படி எழுதச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். நீங்களும் வற்புறுத்துங்கள்.

நவம்பர் 23, காலை 9.10

தம்பி, மாமா ஈப்போவில் தார் வாங்கி வந்து இருபது மரத்துக்குப் பாவாடை கட்டியிருக்கிறார். கொசுவம் எல்லாம் பெரியம்மா வைத்தது. நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தோம், பதினாறு மரம் காய்ந்திருந்தது, வெட்டினோம். நாலு மரத்தில் மட்டும் மேல் ஒட்டு விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. தாரைச் சூடாக்கித் தடவ வேண்டுமா, அப்படியே தடவலாமா? தடவும் முன் பட்டையைச் சுரண்ட வேண்டுமா? உங்கள் மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.